வடகிழக்கில் தண்ணி இருக்கிற வீடு

ஹம், ஜெர்மனி,
தை மாதம், செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய அத்தான் பரராசசிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். நானும் சியாமளாவும் இங்கே சுகம். வுப்பர்டாலில் நீங்களும் புஸ்பவதி அக்காவும் சுகமாக இருக்க நல்லூரான் பார்த்துக்கொள்வான். உங்கள் சீனி வருத்தம் கட்டுக்குள் இருப்பதாக அக்கா சொன்னா. அக்கா குசினியை விட்டு வெளியே போகிற நேரமெல்லாம் நீங்கள் எள்ளுப்பாகு டப்பாவைத் தேடுவதாகவும் அக்காதான் சொன்னா.

போன் எடுக்காமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் யோசிக்கலாம். அத்தான், கோபிக்க வேண்டாம், போனில் நீங்கள் என்னைக் கதைக்க விடுவதில்லை. "அத்தான், ஒரு விசயம்" என்று நான் தொடங்கினால் அந்த விசயத்தை நீங்களே சொல்லி, அதற்குத் தீர்ப்பும் சொல்லி, வைத்துவிடுவீர்கள். கடிதத்தை இடையில் வெட்ட ஏலாது. ஆகவே ஆறுதலாக வாசியுங்கள். விசயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சியாமளாவுக்குப் போன் எடுத்து, குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில், "பிள்ளை, ஆத்தங்கரை வீடு வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவ சிரிக்கிறா. நீங்கள் சொன்னால் குறைந்தபட்சம் "ஓம் அத்தான்" என்றாவது சொல்லுவா.

இனி விபரம். சியாமளாவுக்கு மோசல் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில், ஒரு பிரிவுக்கே பொறுப்பாளராக வேலை கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஊரின் பெயரை எழுத மாட்டேன்; எழுதினால் நீங்கள் உடனே இன்ரநெற்றில் தேடி அந்த ஊரில் என்ன பிழை என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். ஹம்மில் இவ்வளவு காலமும், புதிதாக வருகிற ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் மருந்து அலுமாரியின் திறப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்த மனுசி அவ. இப்போது அந்தத் திறப்பே அவவின் கைக்கு வந்திருக்கிறது. கடிதம் வந்த அன்று அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை, மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தா. ஆனால் பங்குனி முதலாம் திகதி வேலைக்கு நிற்க வேண்டும், அதற்கு முதல் அங்கே வீடு வேண்டும், இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் முதுகு நோவோடு கம்பித் தொழிற்சாலையை விட்டு வந்தவன், எனக்கு எந்த ஊரிலும் ஒரு கதிரை போதும். மகள் ஆதிரையும் படிக்க வெளியூர் போய்விட்டா. ஆகவே வீடு தேடுகிற பொறுப்பை நானே ஏற்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

முதல் பார்த்தது மலையில், திராட்சைத் தோட்டத்துக்கு மேலே ஒரு வீடு, நல்ல வெளிச்சம், காற்று, யன்னலைத் திறந்தால் ஊர் முழுக்கத் தெரியும், எல்லாம் சரி, வீட்டுக்காரர் மட்டும் நாங்கள் என்ன சமைப்போம் என்று கேட்டார், சியாமளா "கறி" என்றா, "எத்தனை தரம்?" என்று அந்த மனுசன் கேட்க, நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு "ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்" என்று சொல்லிவிட்டேன். சியாமளா என்னைத் திரும்பிப் பார்த்தா. "இஞ்சேருங்கோ, அப்ப மற்ற நாளையிலை கதவைப் பூட்டிப்போட்டு ஒளிச்சு நிண்டோ நான் தாளிக்கிறது?" என்று தமிழில் கேட்டுவிட்டு, அவருக்கு ஜெர்மனில் "ஒவ்வொரு நாளும், மூன்று நேரமும்" என்று சொன்னா. அந்த மனுசன் இன்னும் போன் எடுக்கவில்லை. அடுத்த வீட்டில் குசினியே இல்லை. இந்த நாட்டில் வீடு மாறுகிறவர்கள் குசினியைக் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று தெரியும்தான், ஆனால் அந்த ஆள் பல்ப்பையும் யன்னல் கம்பியையும் கழிவறை மூடியையும் கழற்றிக்கொண்டு போயிருந்தான், சுவரைக் கொண்டுபோக ஏலாமல்தான் விட்டிருக்கிறான். மூன்றாவது வீட்டுக்குப் படி முழுக்கச் சனம், நல்லூர்த் தேர்த் திருவிழா மாதிரி, நானும் முண்டியடித்து வாசல்வரை போய்விட்டு உங்களுக்குப் போன் எடுத்து "வாசல் தெற்கு, அத்தான்" என்று சொன்னேன், நீங்கள் "இறங்கு" என்றீர்கள், நான் இறங்கினேன். பிறகு நீங்களே திரும்ப எடுத்து, "தெற்கிலும் பிழையில்லை, ராசியைப் பொறுத்தது" என்றீர்கள். அந்த நேரம் என் இடத்தில் வேறொருத்தன் நின்றுகொண்டு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

நாலாவதுதான் இந்த வீடு. ஆத்தோடு ஒட்டின ஒடுங்கின தெருவில், எங்கடை ஒழுங்கை மாதிரி, கல்லுக் கட்டின பழைய வீடு. வாசல் கிழக்கு. குசினி தென்கிழக்கு மூலை. ஒழுங்கை நேரே வந்து குத்தவில்லை. தண்ணி வடகிழக்கில் இருக்கவேண்டும் என்று நீங்கள் எனக்கு எத்தனை தரம் படிப்பித்திருக்கிறீர்கள், அத்தான். இங்கே வடகிழக்கில் ஒரு முழு ஆறே இருக்கிறது. உங்கள் சாத்திரம் அத்தனைக்கும் பொருந்துகிற ஒரு வீட்டை ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் மணியை அடித்தேன். அந்தத் தண்ணி வடகிழக்கில் நிற்காமல் வருசத்தில் ஒரு தரமாவது வீட்டுக்குள்ளேயும் வரும் என்பதை உங்கள் சாத்திரம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

நாங்கள் ஆறு இல்லாத ஊரில் பிறந்த சனம். மழைக்கு வழுக்கையாறு ஓடும், மற்ற நேரம் அதிலே மாடு மேயும். ஆறு என்றால் என்ன என்று எனக்கு ஆர் சொல்லித் தந்தது? நீங்கள் எண்டாலும் வுப்பர்டாலில் ஆத்துக்கு மேலே தொங்குகிற றெயினில் கடைக்குப் போய் வாற ஆள், உங்களுக்காவது ஒரு மதிப்பு இருந்திருக்கும். வாசலுக்குள்ளே போனதும் சுவரில் கோடு கோடாகக் கீறி, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் வருசம் எழுதியிருந்தது. ஆதிரையை நாங்களும் வருசா வருசம் கதவோடு நிற்பாட்டிக் கோடு போட்டனாங்கள்தானே. நானும் வீட்டுக்காரியோடு சிநேகமாக இருப்போம் என்று, ஆக மேலே, என் தலைக்கும் மேலே இருந்த கோட்டைக் காட்டி, "உங்கடை பிள்ளையள் நல்ல உயரம்" என்று சொன்னேன். மனுசி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "அது பிள்ளை இல்லை, அது மோசல்" என்று சொன்னது.

அந்த மனுசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஃப்ராவ் லேனர்ட். எண்பதைத் தொட்ட விதவை, என் தோள்வரை வருவா, மேல் மாடியில் தனிய இருக்கிறா. கீழ் வீடும் அதற்கு மேலே இரண்டு அறையும்தான் வாடகைக்கு. அத்தான், நான் குற்றம் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன், ஆனால் உள்ளதை ஒளிக்கக் கூடாது. அந்த வீட்டைப் போல ஒரு கெட்டித்தனத்தை நான் கம்பித் தொழிற்சாலையில் கூடக் காணவில்லை. கீழே சுவர் முழுக்க மாபிள், கரண்டுப் பிளக் எல்லாம் நெஞ்சு உயரத்தில். குசினி அலுமாரிகள் கொழுவியில் தொங்குகின்றன, தூக்கினால் கையோடு வரும். கதவுகள் கழரும், அதைக் கழற்றி இரண்டு மரக்குத்தியில் வைத்தால் மேசை. மேல் யன்னலில் எங்கடை கிணத்துக் கப்பி மாதிரி ஒரு கப்பியும் கயிறும், சலவை மெசின் அதாலேதான் மேலே போகும். வெள்ளம் வத்துகிற நேரம் தண்ணியோடு தண்ணியாகச் சேத்தைக் கூட்டித் தள்ளிவிட வேணும், காய விட்டால் சீமெந்து என்று சொல்லி, எனக்குத் தும்புத்தடியைப் பிடிக்கிற விதமும் காட்டித் தந்தா. நான் பிடித்த பிடி பிழையாம்.

அதைவிடப் பெரிய விசயம் அந்த ஒழுங்கையின் முறை. தண்ணி ஏறப்போகுது என்று அறிவித்தல் வந்தால் எல்லாரும் கீழ்க்கோடி வீட்டுக்குப் போவார்களாம். அந்த வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டு அடுத்த வீடு, பிறகு அதற்கடுத்தது. தன் வீட்டு முறை வருமட்டும் ஆரும் தன் சாமானைத் தொடக் கூடாது. "ஆராவது தொட்டால்?" என்று நான் கேட்டேன். ஃப்ராவ் லேனர்ட் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருத்தர் தொட்டவர். பிறகு அவர் வீட்டை வித்துப்போட்டுப் போயிட்டார்" என்றா. எங்கடை கோயில் நிர்வாக சபைக்கு இந்த மனுசியைத் தலைவராகப் போட வேண்டும் என்று எனக்கு அந்த இடத்திலேயே தோன்றியது.

அன்றைக்கு எங்களோடு வீடு பார்க்க இன்னொரு சோடியும் வந்திருந்தது, இரண்டு பேரும் பல் வைத்தியர்கள், நல்ல உயரம், நல்ல பல்லு. எல்லாரையும் குசினியில் இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டு ஃப்ராவ் லேனர்ட் ஒரே ஒரு கேள்வி கேட்டா. வேலை கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை, கறியும் கேட்கவில்லை. "தண்ணி வருது. முதல் எதைத் தூக்குவியள்?" பல் வைத்தியர் தன்ரை சைக்கிள் என்றார். அவரின் மனைவி வெள்ளைச் சோபா என்றா, அது மூலை மடிப்புச் சோபா, அந்தப் படியில் அது சென்மத்துக்கும் ஏறாது. ஃப்ராவ் லேனர்ட் என்னைப் பார்த்தா. நான் ரீவி என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

சியாமளா, "ஒண்டும் இல்லை. இது எப்பவும் ஆயத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லித் தன் தோளில் கிடந்த பையைத் தட்டிக் காட்டினா.

அந்தப் பையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும், அத்தான். சாம்பல் நிறம், இழுத்துப் பூட்டுகிற சிப்புப் பை. கலியாணம் முடிந்து அவ இங்கே வந்த நாளிலிருந்து வாசல் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கடவுச்சீட்டுகள், ஆதிரையின் பிறப்புப் பத்திரம், ரோச், மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி, ஒரு துவாய், பிஸ்கற். பிஸ்கற்றுக்குத் திகதி முடிய, புதுசை வைத்துவிட்டுப் பழையதை எனக்குத் தருவா. நாங்கள் இரண்டு பேரும் தூர இடத்துக்குப் போனால் பையும் வரும். அதற்கு மேலே அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. "ஹம்மிலை ஆர் வந்து குண்டு போடப்போறான்?" என்று நான் எத்தனை பேருக்கு முன்னால் பகிடி பண்ணியிருப்பேன். அவ சிப்பை ஒருக்கால் இழுத்துப் பார்த்துவிட்டுப் போவா.

ஃப்ராவ் லேனர்ட் எழும்பிப் போய் படிக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்தா. உள்ளே இரண்டு கொழுவி. ஒன்றில் ஒரு பழைய தோல் பை. அதை எடுத்துச் சியாமளாவின் பைக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தா. பிறகு சுவரில் ஒரு கோட்டைக் காட்டி, "95. இதிலைதான் நானும் என்ரை மனுசனும் கடைசியாகச் சேர்ந்து தூக்கினது" என்றா.

"95-இலை நாங்களும் தூக்கினாங்கள்" என்றா சியாமளா.

"எந்த ஆறு?"

"ஆறில்லை. சனம்."

பிறகு ஜெர்மனில் சொல்லிக்கொண்டு போனா, நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். மழையில், ஒரு பாலத்தால், சண்டைக்குத் தப்பி ஊர் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டது. தன் தகப்பனுடைய மருந்துக் குளிசையை மேசையில் விட்டுவிட்டு வந்தது. திரும்பிப் போய் எடுக்க ஏலாமல் பின்னால் சனம் தள்ளிக்கொண்டு வந்தது. இதை எனக்கு அவ இப்படிச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த நேரம் நீங்களும் நானும் இங்கே ரெலிபோன் காட்டை வைத்துக்கொண்டு பூத்துக்கு முன்னால் வரிசையில் நின்றனாங்கள், ஞாபகம் இருக்கிறதா? அக்காவும் அந்த றோட்டில்தானே நின்றவ. அடுத்த வருசம்தானே நீங்கள் அவவைக் கூப்பிட்டது.

பல் வைத்தியர்கள் தேத்தண்ணியை முடித்துவிட்டுத் தாங்களாகவே எழும்பிப் போனார்கள். அந்த மனுசி சியாமளாவின் கையைப் பிடித்து, "வியாழக்கிழமை வா, கையெழுத்துப் போடுவம்" என்றா. என்னிடம் கேட்கவே இல்லை. ரீவிக்காரன் என்று விட்டுவிட்டா போல.

இப்ப விளங்குதா அத்தான், நான் ஏன் கிடந்து துடிக்கிறன் எண்டு? வெள்ளம் வருமுன் அணை போடு எண்டு சொல்லுவினம், இவ வெள்ளம் வருமுன் குடிபோகப் பாக்கிறா. அந்த மனுசி நல்லவ, அந்த வீடு கெட்டித்தனமான வீடு, அந்த ஒழுங்கைச் சனம் தெய்வமாக இருக்கட்டும், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் எனக்கு முதுகு ஏலாது, நீந்தத் தெரியாது, ஆழமறியாமல் காலை விடாதே எண்டு சின்னனிலை படிச்சனாங்கள். ஒருக்கால் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடின மனுசியை நான் திரும்பவும் தண்ணிக்கு முன்னாலை ஓட விடுறதோ? அதுதான் எனக்குப் பயம், மற்றதெல்லாம் சாட்டு. மலை வீட்டுக்காரனிட்டை நான் திரும்பப் போய்க் கறி மணக்காத மாதிரி ஒரு விசிறி பூட்டுறன் எண்டு கெஞ்சிப் பாக்கிறன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு சொல் சொல்லுங்கோ.

அக்காவுக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளின் தலையில் என் சார்பில் ஒருக்கால் கை வைத்துவிடுங்கள். எல்லாப் பிள்ளையாரும் உங்களுக்கு நடக்கிற காலையும், கேட்கிற காதையும் தரவேண்டும், காதை விசேசமாக.

தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும் மைத்துனன்,
நடேசன்

பி.கு.: அத்தான், போன் எடுக்க வேண்டாம். மேலே எழுதின எல்லாத்தையும் விட்டுவிடுங்கள்.

இந்தக் கடிதத்துக்கு முத்திரை வாங்கப் போக இருந்த நேரம் ஃப்ராவ் லேனர்ட் போன் எடுத்தா. ஆறு ஏறுதாம், றோட்டை மூடப்போகினம், வியாழக்கிழமை வரவேண்டாம், பிறகு பார்ப்பம் என்று சொல்லத்தான் எடுத்தது. சியாமளா போனை வைத்துவிட்டு றப்பர்ச் சப்பாத்தைத் தேடினா. "வரவேண்டாம் எண்டு சொல்லுறா" என்றேன். "ஓம், கேட்டது. நீங்கள் நில்லுங்கோ" என்றா. நில்லுங்கோ என்றால் மனுசன் நிற்கிறதோ? நானும் போனேன். றெயின் வழமைபோலப் பிந்தியது, கடைசித் தூரம் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் உழவு மெசினில் ஏறிப் போனோம்.

நாங்கள் போக, ஒழுங்கை முழுக்கக் கீழ்க்கோடி வீட்டில் நின்றது. சியாமளா ஒருவரையும் கேட்காமல் வரிசைக்குள் போய் நின்று ஒரு கதிரையை வாங்கினா. என்னுடைய முதுகைக் கேள்விப்பட்டு எனக்குக் கப்பிக் கயிற்றின் நுனியைத் தந்தார்கள், மற்றவர்கள் இழுக்க நான் தூணில் சுத்திப் பிடிக்கிற வேலை. கம்பி சுத்தின கை, அது பிழைக்கவில்லை. எங்கள் வீட்டு முறை வரும்போது பொழுது பட்டுவிட்டது, அதுவரை ஃப்ராவ் லேனர்ட் தன்னுடைய ஒரு கரண்டியைக் கூடத் தொடவில்லை. மூன்றாம் வீட்டுக்குப் பிறகு அந்தச் சனம், அடுத்தது என்ன என்று சியாமளாவைத்தான் கேட்டது. ஓடினவ என்று எழுதினேனே, அத்தான், பிழை. அவ ஓடவில்லை, நின்று மற்றவையை ஏற்றிக்கொண்டிருந்தா. அவவுக்கு முகத்தில் ஒரு வடிவு, அதை நான் எங்கள் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை. தண்ணி இரண்டு படி ஏறி, எட்டிப் பார்த்துவிட்டு, விடிய இறங்கிப் போய்விட்டது. சேத்தைக் கூட்டித் தள்ளினோம். என் தும்புத்தடிப் பிடி இப்போது சரியாம்.

மேல்மாடியில் அந்த மனுசியின் மேசையில் கையெழுத்துப் போட்டோம். முதல் போட்டது நான்.

பிறகு சியாமளா தன் பையை இரண்டாவது கொழுவியில் கொழுவினா. ஃப்ராவ் லேனர்ட் சுத்தியலோடு வந்து மூன்றாவதாக ஒரு ஆணி அடித்து, "இது உனக்கு" என்று என்னைப் பார்த்தா. எனக்குப் பை இல்லை என்றேன். சியாமளா தன் பையின் சிப்பைத் திறந்தா. துலைந்து போய்விட்டது என்று நான் வீடு முழுக்கத் தேடின மாற்றுக் கண்ணாடி. என்ரை முதுகு நோக் குளிசை. காலுக்குப் போடுகிற என்ரை மேசு இரண்டு சோடி. குளிருக்குக் கழுத்தில் சுத்துகிற என்ரை துணி.

"உம்மடை சாமான் எங்கை?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ளை எனக்கு இடம் காணாது" என்றா.

ஆகவே அத்தான், பால் காய்ச்ச மாசியில் அக்காவோடு வாருங்கள், றப்பர்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள், நல்ல நாளை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், சாத்திரத்தில் இந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொன்று. சியாமளா சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அக்காவும் ஒரு பை வைத்திருக்கிறாவாம். உங்கள் படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால். உங்கள் குளிசைகள் எல்லாம் அதிலே இருக்கிறதாம், அதோடு, சீனி திடீரென்று இறங்கினால் உங்களுக்குத் தர, ஒரு டப்பா எள்ளுப்பாகும். போய்ப் பாருங்கள். சாப்பிட்டுவிடாதேங்கோ.